கொலுசைத் தூக்கிய காகிதப் பை

முதல் பலூன் பறக்கவில்லை. அடுப்புச் சூட்டில் நன்றாக உப்பியது, விறைப்பாக நின்றது. கையை எடுத்ததும் சாய்ந்து மொட்டைமாடித் தரையில் உட்கார்ந்துவிட்டது. மூன்று தடவை முயன்றோம், மூன்று தடவையும் இதே கதைதான். காய்ந்த துணி எடுக்க மேலே வந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "பூரி மாதிரி உப்புது, ஆனா எந்திரிக்க மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

அது கார்த்திகை மாதக் கடைசி. சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி. நான் தறி மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவன், பலூனுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாம் போன பொங்கலுக்குப் பொள்ளாச்சி போய் பலூன் விழா பார்த்ததால் வந்த வினை. இருட்டிலேயே மைதானத்தில் போய் நின்றோம். விடிந்ததும் ஒவ்வொன்றாக எழும்பிப் போயின. வெயில் ஏறிய பிறகு ஒன்றுகூடக் கிளம்பவில்லை. ஒன்பதாவது படிக்கும் என் மகள் திரும்பி வரும் வழியில் கேட்டாள்: "சூடுதானேப்பா பலூனைத் தூக்குது? அப்ப வெயில்ல இன்னும் நல்லாத்தானே தூக்கணும்?"

காற்று அதிகமாகிவிடும், தரை சூடாகி மேலெழும் காற்று பலூனைக் குலுக்கும் என்று சொன்னேன். அது சரியான காரணம்தான், பலூன்காரர்கள் விடியலைத் தேர்ந்தெடுக்க முதல் காரணமே அதுதான். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. காற்றே அசையாத நாளில், வெயிலில் கூடுதலாகத் தூக்குமா, குறைவாகத் தூக்குமா? எனக்குத் தெரியவில்லை. சரி, செய்து பார்ப்போம் என்று இறங்கியதுதான் இது.

முதல் பலூன் 60 சென்டிமீட்டர் விட்டம். மெல்லிய வண்ணத் தாள், மூங்கில் சிம்பில் ஒரு வளையம். ஏன் எழவில்லை என்று கண்டுபிடிக்க நல்ல தராசு வேண்டியிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் என் மைத்துனன் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் 600 கிராம் வரை, 0.01 கிராம் துல்லியத்தில் காட்டும் தராசு இருக்கிறது. கடன் கேட்டேன். "தராசை மட்டும் யார்கிட்டயும் தர மாட்டேன் மாமா, வேணும்னா நானே தூக்கிட்டு வர்றேன்" என்றான். அப்படித்தான் அவனும் இதில் மாட்டிக்கொண்டான்.

பலூனை மடித்துத் தராசில் வைத்தோம்: 28.14 கிராம். அடுத்து அது எவ்வளவு தூக்க முடியும் என்று பார்க்க வேண்டும். இதற்குக் காற்றின் எடை தெரிய வேண்டும். பள்ளியில் படித்த கணக்குதான், மகளின் உதவியோடு திரும்ப எடுத்துக்கொண்டேன். காற்றழுத்தத்தை பாஸ்கலில் எழுதி, காற்றுக்கான மாறிலி 287ஆலும் கெல்வின் வெப்பநிலையாலும் வகுத்தால் ஒரு கன மீட்டர் காற்று எத்தனை கிலோ என்று வரும். கெல்வின் என்றால் நம் டிகிரியோடு 273ஐக் கூட்டிக்கொள்வது. அழுத்தத்தை என் ஃபோனில் இருக்கும் சென்சாரே காட்டிவிடுகிறது. எங்கள் மாடியில் 980 மில்லிபார், அதாவது 98,000 பாஸ்கல். அன்று மாலை 28 டிகிரி. கணக்குப் போட்டால் வெளிக் காற்று ஒரு கன மீட்டருக்கு 1.134 கிலோ. உள்ளே சராசரியாக 80 டிகிரி என்றால் 0.967 கிலோ. வித்தியாசம் 167 கிராம். எங்கள் பலூனின் கன அளவோ 0.113 கன மீட்டர்தான். பெருக்கினால் 19 கிராம்.

28 கிராம் எடையை 19 கிராம் விசை எப்படித் தூக்கும்? அம்மா சொன்னது சரிதான், பூரிதான் அது.

இந்த இடத்தில்தான் மைத்துனன் ஒரு கேள்வி கேட்டான். "வித்தியாசம் 167ங்கறீங்களே மாமா, அந்த 167 கிராம் காத்து எங்க போச்சு?" வாய் வழியாக வெளியே போயிற்று. பலூனின் அடி திறந்திருக்கிறது, அதனால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஒன்றுதான். சூடாக ஆக காற்று விரிகிறது, விரிந்த காற்றுக்கு உள்ளே இடமில்லாமல் ஒரு பங்கு வாய் வழியே வழிந்துவிடுகிறது. பலூன் அடைத்துக்கொண்டிருக்கும் இடம் அப்படியே இருக்கிறது, அதற்குள் இருக்கும் சரக்கு குறைந்துவிட்டது. சுற்றியிருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்குத் தன் முழு எடைக்கான மிதப்பு விசையைக் கொடுக்கிறது. கிணற்றில் மூழ்கிய குடத்தைத் தண்ணீருக்குள் இழுக்கும்போது லேசாகத் தெரிகிறதே, அதே ஆர்க்கிமிடீஸ் கணக்கு. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வெளிய போன காத்து எத்தனை கிராமோ அத்தனை கிராம் சாமானை ஏத்திக்கலாம். பதிலுக்குப் பதில்" என்றான். வெள்ளிக்கடைக்காரன் புத்தி. ஆனால் நான் பல இடங்களில் படித்த விளக்கங்களைவிட இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

மகள் உடனே கேட்டாள்: வாயை மூடிவிட்டுச் சூடேற்றினால்? விறைத்த, விரிய முடியாத பாத்திரமாக இருந்தால் ஒன்றும் நடக்காது. குக்கரை அடுப்பில் வைத்து எவ்வளவு சூடேற்றினாலும் ஆவி வெளியே வராதவரை அதன் எடை ஒரு கிராம்கூடக் குறையாது. உள்ளே அழுத்தம்தான் ஏறும். பலூனுக்கு அந்தத் திறந்த வாய் அவசியம்.

சரி, பெரிதாகச் செய்ய வேண்டும். விட்டத்தை இரட்டித்தால் காகிதம் நான்கு மடங்கு, கன அளவு எட்டு மடங்கு. எடை ஏறுவதைவிடத் தூக்கும் விசை வேகமாக ஏறுகிறது. அதனால்தான் சின்னப் பலூன் செய்வது கஷ்டம், பெரிய பலூன் செய்வது சுலபம். பொள்ளாச்சியில் பார்த்த மாதிரிப் பலூன்கள் 2,200 கன மீட்டர் அளவில் இருக்கும். அப்படி ஒன்றுக்குள் இரண்டரை டன் காற்று. விடியற்காலைக் குளிரில் 100 டிகிரிக்குச் சூடேற்றினால் அதில் ஏறக்குறைய 550 கிலோ வெளியேறிவிடும். அந்த 550 கிலோவில் துணி, கூடை, பர்னர், கேஸ் சிலிண்டர்கள் எல்லாம் போக மிச்சம்தான் மனிதர்கள். ஏறுகிறவர்களிடம் முன்கூட்டியே எடை கேட்பது ஏன் என்று இப்போது புரிந்தது.

இரண்டாவது பலூனுக்கு 1.2 மீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டோம். பன்னிரண்டு துண்டுகள், ஆரஞ்சுச் சுளையின் தோல் மாதிரி. சுற்றளவு 3.77 மீட்டர், பன்னிரண்டால் வகுத்தால் நடுவில் ஒவ்வொரு துண்டும் 31.4 சென்டிமீட்டர் அகலம். உச்சியிலிருந்து அடிவரை நீளம் 188.5. நடுவிலிருந்து மேலும் கீழும் மூன்றில் ஒரு பங்கு போனால் அகலம் 27.2, மூன்றில் இரண்டு பங்கு போனால் 15.7. இந்தப் புள்ளிகளை வளைவாக இணைத்து ஒரு அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால் போதும், அப்புறம் அச்சு எடுப்பதுபோல வெட்டிக்கொண்டே போகலாம். ஒட்டுவதற்கு ஒரு பக்கம் மட்டும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள். நான் முதல் இரண்டு துண்டில் இரண்டு பக்கமும் விட்டு, பிறகு வெட்டி எடுத்தேன். அடியில் 30 சென்டிமீட்டருக்கு வாய்.

தாள் 50க்கு 75 சென்டிமீட்டர், ஒன்று 6.75 கிராம். சதுர மீட்டருக்கு 18 கிராம் வருகிறது. வாங்கும்போது கடையில் நான்கைந்து வகைத் தாள்கள் இருந்தன, கையால் தொட்டுப் பார்த்தால் எல்லாமே மெல்லிசுதான். ஆனால் தராசில் வைத்தபோது ஒரு வகை இதைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது. அந்தத் தாளில் செய்திருந்தால் பலூன் மட்டுமே நாற்பது கிராம் கூடியிருக்கும்.

பசைக்கு மரவள்ளிக் கிழங்கு மாவு. சேலத்துக்காரன் வேறு எதைத் தேடுவான்? ஜவ்வரிசி மில்களில் கிடைக்கும் அதே வெள்ளை மாவுதான். ஒரு ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிண்டினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். முதல் தடவை நான் கெட்டியாகக் காய்ச்சி அள்ளிப் பூசினேன். காய்ந்ததும் ஓரமெல்லாம் சுருங்கி, முறுக்கிக்கொண்டு நின்றது. அம்மா அந்தக் காலத்தில் தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டவர். "கஞ்சி கையில ஒட்டக் கூடாதுடா, வழுக்கணும்" என்று தண்ணீர் ஊற்றி நீர்க்க ஆக்கினார், பழைய புடவைத் துணியில் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு சுருக்கமே விழவில்லை. பன்னிரண்டு துண்டையும் ஒட்டி முடித்து, காய்ந்தபின் பார்த்தால் பசையின் எடை ஆறே கிராம்.

காகிதம் 84, பசை 6, மூங்கில் வளையம் 9, நூலும் உச்சியில் ஒட்டிய வட்டமும் 2. மொத்தம் 101 கிராம்.

சூட்டுக்கு ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு, அதன்மேல் தகரக் கடையில் சொல்லிச் செய்த எட்டு அங்குல வட்டக் குழாய், இரண்டடி உயரம். குழாயை அடுப்போடு ஒட்டி வைக்காதீர்கள், அடியில் மூன்று விரல் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தீக்குக் காற்று போதாமல் மஞ்சளாக எரிந்து கரி கக்கும். பலூன் உப்பும்வரை உச்சியைப் பிடித்துக்கொள்ள எங்கள் வீட்டு ஒட்டடைக் கம்பு. உச்சி வட்டத்தில் ஒரு நூல் வளையம் விட்டு, அதில் கம்பின் நுனியை மாட்டிக்கொண்டோம்.

பலூனோடு நெருப்பை அனுப்பவே கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். மெழுகுத் துண்டைக் கொளுத்தி வானத்தில் விடும் விளக்குகள் பார்க்க அழகுதான், எங்கே போய் இறங்கும் என்பது விட்டவனுக்குத் தெரியாது. பக்கத்துத் தெருவில் நூல் கிடங்கு இருக்கிறது. அடுப்பு தரையில், பலூன் நூலில், அவ்வளவுதான்.

வெப்பம் பார்க்க என் மல்டிமீட்டரின் தெர்மோகப்பிள் கம்பியை உள்ளே விட்டேன். மோட்டார் காயில் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க வாங்கியது. உச்சியில் 100, நடுவில் 82, வாய்க்குப் பக்கத்தில் 58. சராசரி 80. உச்சி 100ஐத் தொட்டால் அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டோம். காகிதம் தீப்பிடிக்க இன்னும் நூறு டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் குழாயின் வாயில் வரும் காற்று உச்சியில் இருப்பதைவிட எவ்வளவோ சூடு. அதை இரண்டாம் நாளே அனுபவித்தேன். லேசாக ஒரு காற்று வந்து பலூனைத் தள்ள, வாய் ஓரம் குழாய் விளிம்பில் பட்டது. தீயே வரவில்லை. உள்ளங்கை அளவுக்குக் காகிதம் பழுப்பாகி, கறுத்து, உதிர்ந்தது, அவ்வளவும் மூன்று வினாடிக்குள். ஒட்டுப் போட்டேன். அதற்குப் பிறகு வாய் ஓரமாகச் சமையல் அலுமினியத் தாளை மடித்து ஒட்டி, அந்த எடைக்கு ஈடாக வளையத்தின் மூங்கிலைச் சீவி மெலிதாக்கினேன். மறுபடியும் 101க்கே கொண்டு வந்தோம். இதில் மைத்துனனுக்கு அலாதி சந்தோஷம். கொலுசில் ஒரு கண்ணி கழற்றி எடை சரி செய்வது அவனுக்குத் தினப்படி வேலை.

தூக்கும் விசையை அளந்த விதம் சொல்ல வேண்டும், இதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு ஒரு ஞாயிறு முழுக்க ஆனது. தராசின்மேல் 500 கிராம் படிக்கல்லை வைத்து, சுழியாக்கிவிடுவது. பலூனின் வளையத்திலிருந்து தொங்கும் நூலின் முனையில் ஒரு கொக்கி. அதைப் படிக்கல்லின் வளையத்தில் மாட்டினால் பலூன் கல்லை மேலே இழுக்கும், தராசு கழித்தல் குறியோடு எண்ணைக் காட்டும். அந்த எண்தான் பலூன் தன் எடை போக மிச்சமாகத் தூக்கும் சுமை. தராசைச் சுற்றி அட்டைப்பெட்டி வைத்தோம், இல்லாவிட்டால் காற்றில் எண் ஆடிக்கொண்டே இருக்கும். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அடுப்பிலிருந்து நகர்த்திய நொடியிலிருந்து பலூன் ஆறத் தொடங்கிவிடுகிறது. மெல்லிய காகிதம், உள்ளே ஒரு கிலோகூட இல்லாத காற்று, நான்கு சதுர மீட்டருக்கு மேல் பரப்பு. அரை நிமிடத்தில் பாதிச் சூடு போய்விடும். எண்ணை வாயால் படித்துச் சொல்வதெல்லாம் நடக்காது. மகள் தராசின் திரையை ஃபோனில் வீடியோ எடுத்தாள், பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்து முதலில் நிலைத்த எண்ணை எடுத்துக்கொண்டோம்.

இப்போது அவளுடைய கேள்விக்கு வரலாம்.

மார்கழி விடியற்காலை ஆறு மணி, மாடியில் 20 டிகிரி. இலை அசையவில்லை. பக்கத்துக் கோவில் மைக்கில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்தது. பலூன் அடைக்கும் இடத்தில் இருக்க வேண்டிய வெளிக் காற்றின் எடை 1,054 கிராம். இந்த எண்ணைப் பார்த்ததும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு காகிதப் பைக்குள் ஒரு கிலோ அரிசிக்கு மேல் காற்று இருக்கிறது, நாம் அதைக் காலி என்கிறோம். உள்ளே 80 டிகிரியில் 875 கிராம். வெளியேறியது 179. பலூன் எடை 101ஐக் கழித்தால் 78 கிராம் சுமை தூக்க வேண்டும். வீடியோவில் தெரிந்த எண்: 71.

அதே நாள் மதியம் ஒரு மணி, 32 டிகிரி. அதே பலூன், அதே 80 டிகிரி உள்ளே. வெளிக் காற்று 1,013 கிராம்தான். வெளியேறியது 138, கணக்குப்படி சுமை 37. தராசு காட்டியது 30.

71 எங்கே, 30 எங்கே! பன்னிரண்டு டிகிரி வெயில் பாதிக்கு மேல் சுமையைத் தின்றுவிட்டது. உள்ளே இருக்கும் சூடு மட்டும் கணக்கில்லை, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. வெளியே குளிர்ந்தால் காற்று கனக்கிறது, கனத்த காற்று நன்றாகத் தூக்குகிறது. "அப்ப உள்ளயும் பன்னெண்டு டிகிரி ஏத்திட்டா?" என்றாள் மகள். ஏற்றினால் பெரும்பாலும் ஈடாகிவிடும். ஆனால் ஏற்றக் கூடாத எல்லை எங்களுக்குக் காகிதத்தில் இருக்கிறது, நிஜப் பலூனுக்கு நைலான் துணியில் இருக்கிறது. மேலே சூடு முட்டிக்கொண்டால் கீழே குளிரைத்தான் தேட வேண்டும்.

இரண்டு அளவிலும் கணக்கைவிட ஏழு கிராம் குறைவாக வந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. அடுப்பிலிருந்து தராசுக்கு நகர்த்தும் இரண்டு வினாடியில் ஆறுவதை வைத்துப் பார்த்தால் சரியாகிவிடுகிறது. இதற்குமேல் துல்லியம் ஒட்டடைக் கம்பில் கிடைக்காது.

இதற்கிடையில் பாட்டி கதை ஒன்று. எங்கள் பாட்டி இந்த மாதிரிப் பலூனைப் புகைக்கூண்டு என்றுதான் சொல்வார். அந்த வார்த்தையிலேயே ஒரு பழைய தவறு உட்கார்ந்திருக்கிறது. 1783இல் பிரான்ஸில் மக்கள் முன்னால் முதன்முதலாக இதைப் பறக்கவிட்ட மோன்கோல்ஃபியே சகோதரர்களும் புகைதான் தூக்குகிறது என்று நம்பினார்கள். அதனால் ஈர வைக்கோலையும் கம்பளி மயிரையும் எரித்து வேண்டுமென்றே நாற்றப் புகை கிளப்பினார்கள். அவர்கள் காகித ஆலைக் குடும்பம். துணியில் காகிதத்தை உள்ளே வைத்து, துண்டுகளைப் பொத்தான் போட்டு இணைத்துப் பலூன் செய்தார்கள். அந்த செப்டம்பரில் ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவலை அனுப்பினார்கள், நவம்பர் 21இல் இரண்டு மனிதர்கள் பாரிஸின் மேலே பறந்தார்கள். காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு காரியத்தைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்! அதே ஆண்டு டிசம்பரில் ஹைட்ரஜன் பலூனில் ஏறிய ஜாக் சார்லஸ்தான் நம் பத்தாவது பாடத்து சார்லஸ் விதிக்காரர். சூடானால் வாயு எவ்வளவு விரியும் என்ற விதி ஒரு பலூன்காரர் பெயரில் இருப்பது பொருத்தம்தான்.

அடுத்து ஏற்காடு. குளிரில் நன்றாகத் தூக்குமென்றால் மலைக்கே போய்விடலாமே என்றான் மைத்துனன். நான், அங்கே காற்று லேசு, தூக்காது என்றேன். ஆளுக்கொரு டீ பந்தயம்.

தெரிந்தவர் ஒருவருக்கு அங்கே காப்பித் தோட்டம் உண்டு. தை பிறப்பதற்கு முந்தைய வாரம், பழம் பறித்துக் காயவைக்கும் காலம். சிமெண்ட் களத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார். முந்தைய நாளே ஆம்னியில் அடுப்பு, தகரக் குழாய், தராசு, சேலைப் பெட்டியில் மடித்த பலூன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. மகள் ஒவ்வொரு வளைவிலும் ஃபோனில் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டே வந்தாள், பாதியில் வயிற்றைப் பிரட்டி நிறுத்திவிட்டாள். பின் சீட்டில் கிடந்த சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போகத் தலையணை மாதிரி உப்பியது. கீழே 980, மேலே 850 மில்லிபார்.

காலை ஆறேகால். 13 டிகிரி. களத்தில் தார்ப்பாய் மூடிக் காப்பிக் கொட்டை, அதன்மேல் பனி. பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. அடுப்பைப் பற்றவைத்துப் பலூனை ஏற்றினால் உச்சி 92க்கு மேல் நகரவே இல்லை. குளிர் ஒரு பக்கம், சரிவிலிருந்து ஏறி வரும் மெல்லிய காற்று ஒரு பக்கம், அடுப்பு கொடுக்கும் சூட்டை அப்படியே வாங்கிப் போய்க்கொண்டிருந்தன. சராசரி 73. தராசு காட்டியது 54. டீ எனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மைத்துனன் ஒன்றும் பேசாமல் களத்து ஓரத்தில் கிடந்த இன்னொரு தார்ப்பாயை எடுத்து, இரண்டு கம்பு நட்டு, காற்று வரும் பக்கம் மறைப்பாகக் கட்டினான். இந்த முறை உச்சி 100ஐத் தொட்டது. கொக்கியை மாட்டினோம்.

69.

சேலத்தில் விடியற்காலையில் 71, இங்கே 69. பந்தயம் யாருக்கும் இல்லை என்றானது. அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டதில்தான் விஷயம் தெரிந்தது. மலைமேல் வெளிக் காற்று 937 கிராம்தான், கீழே இருந்ததைவிட நூறு கிராமுக்கு மேல் குறைவு. ஆனால் உள்ளே இருக்கும் சூடான காற்றும் அழுத்தம் குறைந்த விகிதத்தில் லேசாகி 759 ஆகிவிட்டது. ஏற்காட்டிலும் 20 டிகிரியே இருந்திருந்தால் வெளியேறும் காற்று 179இலிருந்து 156ஆகக் குறைந்திருக்கும். அழுத்தம் எடுத்துக்கொண்டது 23 கிராம், ஏழு டிகிரிக் குளிர் திருப்பிக் கொடுத்தது 22. இவ்வளவு பொருத்தமாக அமையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சேர்வராயன் மலை உயரத்துக்கும் மார்கழிக் குளிருக்கும் தற்செயலாக அமைந்த ஈடு. இன்னும் உயரே போனால் குளிரால் ஈடுகட்ட முடியாது. 2005 நவம்பர் 26இல் மும்பையிலிருந்து கிளம்பி 21,027 மீட்டர் உயரம் போய் சூடான காற்றுப் பலூனில் உலகச் சாதனை செய்தார் தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா. அந்த உயரத்தில் அழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் சுமார் இருபதில் ஒரு பங்கு. அதனால்தான் அவருடைய பலூன் அவ்வளவு பிரம்மாண்டம்.

வெயில் வருவதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது. மகளின் முதல் பிறந்தநாளுக்கு மைத்துனன் செய்து போட்ட கொலுசு, ஒரு ஜோடி, 56.12 கிராம். அவள்தான் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தாள். "காட்டுக்குள்ள விழுந்தா யார் தேடறது?" என்று அவன் முனகினான். ஐந்து மீட்டர் நூலின் ஒரு முனையைப் படிக்கல்லில் கட்டி, இரண்டு கொலுசையும் வளையத்தில் கோத்தோம். உச்சி 100 ஆனதும் கம்பை எடுத்துவிட்டு மெதுவாக விட்டேன். தயங்கியது. இடுப்பு உயரம்வரை போயிற்று, அங்கேயே ஒரு கணம் நின்றது, இறங்கிவிட்டது. ஐந்தாறு வினாடிதான் இருக்கும். 69இல் 56 போனால் மிச்சம் பதின்மூன்று கிராம், அது ஆறும் வேகத்துக்கு அந்தப் பதின்மூன்று எம்மாத்திரம்?

ஒரு கொலுசைக் கழற்றிவிட்டு மறுபடி சூடேற்றினோம். இந்தத் தடவை கையை எடுத்ததுமே கிளம்பிவிட்டது. களத்து மேலே, சில்வர் ஓக் மரத்தின் கீழ்க் கிளை உயரத்துக்கு, நூல் விறைக்கும்வரை. மேலே சலங்கை மணிகள் லேசாகக் குலுங்குவது கீழே நன்றாகக் கேட்டது. பத்துப் பன்னிரண்டு வினாடி நின்றிருக்கும். பிறகு பக்கவாட்டில் மெதுவாக மிதந்து, காப்பிக் கொட்டை மூடிய தார்ப்பாயின்மேல் பூ மாதிரி வந்து உட்கார்ந்தது. தோட்டத்தில் வேலைக்கு வந்த பெண்கள் நான்கைந்து பேர் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு அம்மா, "இன்னொரு வாட்டி விடு சாமி" என்றார். விட்டோம். நான்கு தடவை.

கேஸ் தீர்ந்த பிறகுதான் இறங்கினோம். செவ்வாய்ப்பேட்டையில் அவனை இறக்கிவிட்டபோது மைத்துனன் வண்டியிலேயே வைத்துக் கொலுசு இரண்டையும் தராசில் போட்டுப் பார்த்தான். 56.12. போட்டுவிட்டுத்தான் என் மகளிடம் கொடுத்தான்.